ஹொனொராத்தாவும் 7393913-உம்

மணிலாவை ஒட்டிய மரிக்கினாவில் எங்கள் தெருவுக்குத் தொலைபேசி வந்தது தொண்ணூற்றாறில். மனுக் கொடுத்து ஒன்பது வருடம் காத்திருந்த பிறகு எங்கள் வீட்டுக்குத்தான் முதல் இணைப்பு. நான் அப்போது கப்பலில் இருந்தேன். கடிதத்தில் வந்த எண்ணுக்கு ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டேன். என் மனைவி ஹொனொராத்தா நலம்கூட விசாரிக்கவில்லை.

“பெர்மின், நம்ம நம்பரை எதாலயும் வகுக்க முடியல.”

“போன் கார்டு தீரப் போகுது. பிள்ளைங்க எப்படி இருக்காங்க?”

“நல்லாத்தான் இருக்காங்க. நீ கேளு. 7393913 பகா எண். கடைசி மூணை அழிச்சா 739391. அதுவும் பகா எண். அடுத்த ஒண்ணையும் அழி. அதுவும் அப்படித்தான். கடைசியில ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும்…”

இணைப்பு அறுந்தது.

அவள் கல்லூரியில் கணிதம் படித்தவள். இரண்டாம் வருடம் அப்பா இறந்ததும் ஷூ தைக்கும் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். ஜீப்னி வண்டி எண், பேருந்துச் சீட்டு என எது கண்ணில் பட்டாலும் வகுத்துப் பார்ப்பாள். எங்கள் தொலைபேசி எண்ணை 2719 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும், ஏறக்குறைய நானூறு முறை, வகுத்திருந்தாள். நான் ஊர் வந்தபோது கட்டிலுக்கடியில் ஷூப் பெட்டி அட்டைகள். உள்பக்கமெல்லாம் அவள் கணக்கு.

தெருவே எங்கள் வீட்டில் வந்துதான் பேசும். பக்கத்து வீட்டு லுனிங்னிங் சிரிப்பாள்: “மகன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச வந்தா, இங்க கணக்குப் பரீட்சை எழுத வேண்டியிருக்கு.”

அந்தக் கலகலப்பை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், மணிலா எண்களெல்லாம் எட்டு இலக்கமாகும் என்றார்கள். ஹொனொராத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“கடைசியில மூணைச் சேர்த்தா 73939133. அதுவும் பகா எண்தான், போட்டுப் பார்த்துட்டேன். ஆனா அதோட சரி. அதுக்குப் பின்னாடி எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைஞ்சிடும்.”

“உன்னைக் கேட்டா சேர்க்கப் போறாங்க?”

கேட்கவில்லை. முன்னால் 7 சேர்த்து 77393913 ஆக்கினார்கள். செய்தித்தாள் ஓரத்தில் இலக்கங்களைக் கூட்டினாள். நாற்பத்திரண்டு.

“மூணாலயே வகுபட்டுப் போயிடுச்சு, பெர்மின்.”

அடுப்பில் அடோபோ கறி கருகியது. அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

“பழைய நம்பர் அப்படியேதானே இருக்கு, அதை யாரு என்ன செய்ய முடியும்?”

“இருக்கு. ஆனா அடிச்சா நம்ம வீட்டுல மணி அடிக்காதே.”

நான்கு நாள் கழித்து அட்டை கேட்டாள். மூன்றால் வகுத்து வந்த 25797971-ஐக் குடையத் தொடங்கினாள். மறுநாள் காலை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “நாப்பத்தேழும் போகுது. ரொம்ப சாதாரண நம்பர், பாவம்.”

அடுத்த வருடம் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டோம். மகள் அவளுக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்தாள். ஹொனொராத்தா எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தாள், எட்டு. பென்சிலைத் தேடவேயில்லை.