குப்பாயி என்றே கூப்பிடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை பதுளையில் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தபோது மடுல்சீமையிலிருந்து கமலாவின் அழைப்பு வந்தது. "டீச்சர், அம்மா போயிட்டாங்க." ஜெபம் பண்ணி, தேத்தண்ணி குடித்து, சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாளாம். கமலாவின் அம்மா குப்பாயி என்னோடு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அவளை அறிந்தவர்களே, நான் ஒருமையில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளை வேறு விதமாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

அந்தப் பெயர் வந்த கதை இளையவர்களுக்குத் தெரிந்திராது. அவளுக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் லயத்துக் கோடியிலிருந்த குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, தாய் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்துச் சாவு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஆசையோடு வைத்த பெயர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது புரியுமா? "குப்ப வருது, வெளக்குமாத்த எடு!" என்று கத்துவோம். கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு அவள் கொழுந்தெடுக்கப் போனாள். நான் ஆசிரியையாகி அதே தோட்டப் பாடசாலைக்கு வந்தேன். பக்கத்தில்தான் பெரட்டுக் களம். காலையில் ஆட்களை அங்கே நிறுத்திக் கங்காணி வேலைக்குப் பெயர் கூப்பிடுவார்; அதுதான் பெரட்டு. "குப்பாயி" என்றதும் யாராவது, "கூட்டி அள்ளுங்கப்பா!" என்பார்கள். அவள் வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள். பதுளைக்கு வந்தால் புடவைக்கடையில் தன் பெயர் ராணி என்பாள். கடைக்கார முஸ்லிம் அண்ணனை நானா என்போம்; அவர், "வாங்க ராணித் தங்கச்சி" என்றால் முகம் மலரும். வெளியே வந்ததும், "பொய் ராணிடி நான்" என்பாள்.

கணவர் இறந்தபின் தோட்டத்துக்குக் கீழேயிருந்த சின்னத் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, அங்க புதுப் பேரு வைப்பாங்களாம். நல்லதா நாலு எழுதிக் குடு. இந்தக் குப்பய அன்னைக்கே கழுவிப்புடணும்."

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். நாலு பேரிடம் விசாரித்து எழுதிக் கொடுத்தேன். எஸ்தர் அவளுக்குப் பிடித்தது. ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். எளியவனைக் குப்பையிலிருந்து தூக்கியெடுக்கிற கடவுளைப் பற்றிப் போதகர் பேசினார். குனிந்திருந்த குப்பாயி நிமிர்ந்தாள். பிறகு அவளை முன்னால் அழைத்துப் பெயர் கேட்டார்.

"குப்பாயிங்க."

"எஸ்தர்னு சொல்லியிருந்தீங்களேம்மா?"

"வேணாங்கய்யா. எங்கம்மா தவிடு குடுத்து என்னைய வாங்குனா. ஆண்டவரு தன்னையே குடுத்து வாங்கிட்டாரு. எங்கேருந்து எடுத்தாருன்னு பேருலயே இருக்கட்டும்."

மறுநாள் பெரட்டில் கங்காணி சீண்டினார். "புதுப் பேரு என்னா, தொரசாணி?"

"அதே குப்பாயிதாங்க. கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க. நான் யாரு புள்ளன்னு எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் கூப்பிட்டார். "இருக்கேங்க!" என்று அவள் கொடுத்த குரலில் என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதற்குப்பின் யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் அவள். புடவைக்கடை நானாவிடமும் போய் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள்.

'நான் யார்?' என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை கட்டுரை கொடுத்திருக்கிறேன். பெயர், தோட்டம், அப்பாவின் வேலை என்று எழுதுவார்கள். திருத்திப் புள்ளியும் போட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முழுப் பதிலை நான் கேட்டது பெரட்டுக் களத்திலிருந்துதான்.

அடக்கத்தன்று கமலா என் கையைப் பிடித்தாள். "குழிகிட்ட பேரச் சொல்லிக் கூப்பிட அம்மா ஒங்களத்தான் சொல்லியிருக்காங்க, டீச்சர். 'சின்னதுல அவதான் நல்லாக் கத்துவா'ன்னாங்க."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. "குப்பாயி!" என்று கூப்பிட்டேன். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. கூடியிருந்த சனமும் சேர்ந்து கூப்பிட்டது. அந்தப் பெயரை அத்தனை மரியாதையாக நான் கேட்டதில்லை.

அவளிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டேன். இப்போது காலையில் அம்மன் வாசலில் நிற்கும்போது நான் எதுவும் கேட்பதில்லை. வாய் திறந்து, "இருக்கேங்க" என்கிறேன்.