செல்வி அக்கா ஃபிரிட்ஜின் ஐந்து நட்சத்திரம்

மயிலாப்பூரில் எனக்கு பிளவுஸ் தைக்கும் செல்வி அக்கா, கடையிலிருக்கும் ஃபிரிட்ஜின் நட்சத்திர ஸ்டிக்கரை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "தைச்சே வாங்குனதும்மா. அஞ்சு ஸ்டாரு, கரண்ட்டே இழுக்காது."

போன வாரம் அதிலிருந்த வருடத்தைப் படித்துவிட்டு, "ரூல்ஸ் மாறிடுச்சுக்கா. இன்னிக்குக் கணக்குல இது மூணுதான்" என்றேன்.

இன்று பிளவுஸ் வாங்கப் போனேன். ஸ்டிக்கர் இல்லை. சுரண்டிய இடத்தில் பசை மட்டும் இருந்தது.

"ஏன்கா எடுத்துட்டீங்க?"

"படிச்ச பொண்ணு, நீயே மூணுன்னுட்ட. இன்னும் அஞ்சுன்னு ஒட்டிவச்சிக்கினு இருந்தா பொய் சொல்ற மாறி கீதும்மா."

நான் சொன்னது சரிதான். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் சொன்னதால் அந்த ஃபிரிட்ஜ் ஒரு யூனிட்கூடக் குறைத்துக் குடிக்கப்போவதும் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய ஐந்து நட்சத்திரம் இருந்தால் படம் போடுங்கள். வருடத்தைப் பார்க்க மாட்டேன்.