பத்து மீட்டர் பாட்டு

அறிவிப்பாளர் “நேயர்களுக்கு வணக்கம்” என்றால் சுமலதா தையல் மிஷினை நிறுத்திவிடுவாள். “வணக்கம் சார், சாப்டீங்களா?” என்று வானொலிப் பெட்டியைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடியும் மிதிப்பாள். முதலியார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. ரவிக்கை தைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கடிகாரம் பார்க்கிற பழக்கமும் இல்லை. “நாளைக்கி மாநிலச் செய்திக்கு முன்னாடி வாங்க டீச்சர், கொக்கி வெச்சிருப்பேன்” என்பாள். பிரெஞ்சு ஆசிரியை பிலோமினா பன்னிரண்டு வருடமாக அந்தக் கணக்குப்படிதான் வந்து வாங்கிப்போகிறார்.

2008 மே மாதம் சுமலதாவின் கணவர் அரிகிருஷ்ணன், பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. தலையில்தான் அடி. மிஷின் ஓசை ஒரே சீராக ஓடுவதால் பொறுத்துக்கொண்டார். பேச்சும் பாட்டும் ஏறி இறங்கி வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். சுமலதா மிஷினைப் பின்கதவுக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றினாள், வானொலியை அணைத்தாள். வீட்டில் எல்லாரும் சாடையிலோ கிசுகிசுத்தோ பேசினார்கள்.

டிசம்பரில் பிலோமினாவின் ரவிக்கை தைத்து வந்தது. இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கை.

“என்ன சுமலதா இது?” பிலோமினா தாழ்வாரத்துக்கே போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

அவள் ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கை பாட்டுக்கு வேல செய்யுது டீச்சர். காதுதான் சும்மா கெடக்குது. அன்னிக்கி சோறு எடுத்துக்கினு போயி நான் கீழதான நின்னேன். சும்மா கெடக்குற காதுல, அவரு விழுந்த சத்தமே கேட்டுக்கினு இருக்குது.”

பிலோமினாவுக்கு அன்று பாடம் நடத்த ஓடவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பாரிஸிலிருந்து வந்த பிலோமினாவின் தம்பி, அக்காவுக்கென்று ஒரு புளூடூத் ஹெட்போன் கொடுத்தான். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதை வானொலியின் இயர்போன் துளையில் செருகிவிட்டால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். பாட்டு கம்பியில்லாமல் காதுக்கு வந்துவிடும். பிலோமினா அதை அப்படியே எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போனார்.

“ஒயரே இல்லியே டீச்சர்?” என்று கிசுகிசுத்தாள் சுமலதா.

“மாட்டித்தான் பாரேன்.”

நீல விளக்கு மினுக்கியது. ஹெட்போனுக்குள் யாரோ வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். சுமலதா விலுக்கென்று திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அவரு முழிக்கல டீச்சர்!”

பிலோமினா ஒரு பக்கத்தை விலக்கி, அவள் காதோடு சொன்னார்: “அவருக்குக் கேக்காது. உனக்கு மட்டுந்தான்.”

சுமலதா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு அவளைத் தலையில் அந்த வளையம் இல்லாமல் பார்ப்பது அரிதாகிவிட்டது. பாட்டு எதுவரை வருகிறது என்று தையல் டேப்பை வைத்தே அளந்துவிட்டாள்: பத்து மீட்டர். தெருக்குழாய் வரை கேட்கும். குழாயைத் தாண்டி ஓரடி வைத்தால் அறுந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரிகள் வம்பு பேசக் குழாயடிக்கு இந்தப் பக்கம் வந்துதான் ஆகவேண்டும். உலை வைக்கிற நேரத்தில் ஹெட்போனுக்குச் சார்ஜ் போடுவாள். “அதுக்கும் பசிக்குமில்ல?” பூசைக்குத் தீப்பெட்டிக் கருவிக்கும் ஒரு குங்குமப் பொட்டு. முகம் தெரியாத தம்பிக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, “நல்லா இருக்கட்டும் டீச்சர், எங்கூட்டுல ஒலகத்தையே கொண்டாந்து வுட்டுட்டாரு” என்றாள்.

ஈஸ்டருக்கு முன்தினம் பிலோமினா துணி வாங்கப் போனார். தெருவிலேயே குரல் கேட்டது. சுமலதாதான். பின்தாழ்வாரத்தில் மிஷின் தடதடக்க, சுருதி எங்கேயோ போக, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு காதும் மூடியிருக்கிறதே, தான் கத்துவது அவளுக்கு எப்படித் தெரியும்! உள்ளே அரிகிருஷ்ணன் பின்கதவோரம் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிலோமினாவுக்குப் பதறிவிட்டது.

“ஐயோ, உங்க தலைக்கு ஆகாதே! இருங்க, நான் போய்ச் சொல்றேன்.”

“வேணாம் டீச்சர்.” அவர் குரல் மெலிந்திருந்தது. “ரெண்டு மாசமா தெனம் பாடுது. மொத மொத தலை வலிச்சிது. இப்ப வலிக்கல. சொல்லிப்புட்டீங்கன்னா கூச்சப்பட்டுக்கினு நிறுத்திடும்.”

சொல்லிவிட்டு, கையை நீட்டி, ஒருக்களித்திருந்த பின்கதவை முழுக்கத் திறந்துவைத்தார்.