எச்சில் விரல்

உளிக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. மரக்கட்டையில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பவர். போன வருடம் வரை அது அவர் ஒருவரின் ராஜ்ஜியம். இப்போது பாதிப் படம் மனைவியுடையது. தான் எடுத்த புகைப்படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, பிரிண்டரில் வண்ணமாக எடுத்துத் தருவாள். அதன் மேல் இவர் கட்டையின் கறுப்புக் கோடுகள் விழும்.

கட்டையின் கீழ் மூலையில் அவர் பெயர், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்கியது, எப்போதும் உண்டு. இந்த முறை அவளும் தன் பெயரை வண்ணத்தோடு சேர்த்து அச்சடித்திருந்தாள். "பட்டனைத் தட்டுறதுக்கெல்லாம் பேரா?" என்று அவர் முனகியது அவள் காதில் விழாமல் இல்லை.

சாயங்காலம் கண்காட்சி. படத்தைக் கொண்டுபோக வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். பிரிண்டரில் மை தீர்ந்துபோய், மிச்சம் இருந்தது வண்ணம் அச்சான ஒரே தாள். அந்த மைக்குத் தண்ணீர் ஆகாது. இவரோ தாளை நனைத்தே அச்செடுத்துப் பழகியவர். அதனால் பஞ்சையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் அலமாரியில் பூட்டிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

கட்டைக்கு மை தடவியாயிற்று. தாளின் மூலை மேசையை விட்டு எழும்ப மறுத்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். விரல் நாக்குக்குப் போய்விட்டுத் தாளுக்கு வந்தது.

அவள் பெயர் இருந்த மூலை. நீலமாகக் கரைந்து இழுபட்டது.

"தெரியாமத்தான் செஞ்சீங்களா?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. கை தெரியாமல் செய்ததா, மனசு தெரிந்தே செய்ததா, அவருக்கே நிச்சயமில்லை. அது பயமாக இருந்தது. வாசலில் ஹாரன் அடித்தது.

உளியை எடுத்தார். கட்டையிலிருந்த தன் பெயரைச் சுரண்டி எறிந்தார்.

"என்ன பண்றீங்க? கட்டை போச்சே."

"போகட்டும்."

தாளை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் கட்டைமேல் வைத்தார். காய்ந்த தாளில் மை ஏற வேண்டுமே என்று பிரஸ்ஸின் கைப்பிடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார்.

உரித்தபோது படம் பிசகாமல் வந்திருந்தது. கீழே ஒரு நீலக் கறை, பக்கத்தில் வெற்றிடம். யார் பெயரும் இல்லை.

"நகருங்க" என்று அவள் பென்சிலை எடுத்தாள். கறைக்கு மேல் தன் பெயரை எழுதினாள். பென்சில் நின்றது. மறுபடி ஹாரன். அவர் அசையவில்லை.

"உங்க பேரையும் எழுதவா? பட்டனைத் தட்டுற கைதான், பரவாயில்லையா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எழுதினாள், தன் பெயருக்குக் கீழே.