மடியில் வந்த குடுவை

நேற்று வைத்த மீன் சொதி காலையில் பழுதாகிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் அடித்த மணத்துக்கு வேறு யாரென்றாலும் குசினியை விட்டு ஓடியிருப்பார்கள். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "பழுதான சொதிக்கும் துக்கம் கொண்டாடுறியளே அம்மா?" என்று மகள் கேட்டாள். சொதிக்கில்லைப் பிள்ளை. எனக்கு மெற்றில்டாவின் ஞாபகம் வந்துவிட்டது.

மெற்றில்டா என்னோடு முரசுமோட்டைப் பக்கம் படிப்பித்தவள். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. அவள் விஞ்ஞானம், நான் தமிழ். இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஜாம் போத்தல் விளக்கு. விஞ்ஞானம் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆகையால் இனி நான் சொல்வதில் பிழையிருந்தால் அது என்னுடையது, அவளுடையதல்ல.

அறை கந்தையா அண்ணையின் வீட்டு வளவில் இருந்தது. வயல்காரர், வாய்க்காரரும்கூட. ஒருநாள் குளத்தில் பிடித்த விரால் ஒன்றோடு வந்தார். "கோடையில குளம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். முதல் மழைக்கு விரால் நிக்குது. ஆர் ரீச்சர் கொண்டுவந்து விட்டது? சேத்திலதான் பிறக்குது" என்றார். வகுப்புப் பிள்ளைகளும் அதையே சொன்னார்களாம். மெற்றில்டாவுக்குப் பொறுக்கவில்லை. "மீனைப் பற்றி எனக்கே கதை சொல்லினம்" என்று இரவு முழுக்கப் புறுபுறுத்தாள்.

ஆனால் அண்ணையை அவள் பழிக்கவில்லை. பெரிய பெரிய அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்களாம். இறைச்சியில் புழு தானாக வரும், அழுக்குச் சட்டையோடு கோதுமையைப் போட்டு வைத்தால் எலி வரும் என்றுகூட ஒரு வைத்தியர் எழுதிவைத்தாராம். "எங்கட நெல்லுச் சாக்குக்குள்ளயும் அப்பிடித்தான் வருது" என்றார் கந்தையா அண்ணை. பிறகு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி கழுத்து வளைந்த குடுவையில் ரசத்தைக் கொதிக்கவைத்து அந்த எண்ணத்தை முறியடித்தாராம். காற்று உள்ளே போகும், தூசியும் கிருமியும் வளைவிலேயே தங்கிவிடும். ரசம் பழுதாகாது.

அதைச் செய்துகாட்ட வேண்டும் என்று நின்றாள். பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்தது ஒரு குடுவையும் ஒரு கண்ணாடிக் குழாயும்தான். குழாயைக் கொல்லன் உலையில் சூடாக்கி வளைத்தாள். பானைத் தண்ணீரில் உயிரோடு கிடந்த அந்த விராலையே அவித்து வடித்து, பாதியைக் குடுவையில் கொதிக்கவைத்தாள், மீதியை ஜாம் போத்தலில் திறந்து வைத்தாள். போத்தல் சில நாளிலேயே நாறியது. குடுவை தெளிவாக இருந்தது. "பொறுங்கோ ரீச்சர், மழை வரட்டும்" என்றார் அண்ணை.

மழைக்கு முதல் ஷெல் வந்தது. ஊரே மாங்குளம் பக்கம் கிளம்பியது. அண்ணை உழவு மெசினில் நெல்லு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர், "குடுவை எங்க?" என்றார்.

"விடுங்கோ அண்ணை. சரிஞ்சால் கழுத்தில நிக்கிற தூசி உள்ள போயிடும். பிறகு என்னெண்டாலும் செல்லாது" என்றாள் மெற்றில்டா.

"தோத்தாலும் நான் ஒழுங்காத் தோக்கவேணும்."

மெசினை மகனிடம் கொடுத்துவிட்டு, பின்னால் இழுபடும் பெட்டியில் மூட்டைகளின் நடுவே குடுவையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "மீன் தண்ணியைப் பிள்ளை மாதிரித் தூக்கிற மனிசனைப் பாருங்கோ" என்று மனைவி வழிநெடுக ஏசினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தார். மெற்றில்டா அதிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. இருந்த அறையை விட்டு வந்ததற்கு அழாதவள் அந்தக் குடுவைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

மாங்குளத்தில் விடிந்தபோது வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். ஒரு பொட்டுக் கலங்கல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, தோத்துப்போனன்" என்றார் அண்ணை. "அப்ப முதல் உயிர் எங்கயிருந்து வந்தது?"

ஆதியில் கடலே சூடான ரசம் போல இருந்ததாம், இடியும் மின்னலும் வெயிலும் பட்டு அதில்தான் உயிர் உண்டாகியிருக்க வேண்டும் என்று சிலர் நினைத்தார்களாம். மெற்றில்டா சொல்லி முடிக்க அவர் சிரித்தார். "அப்ப நான் சொன்னதுதானே. உயிரில்லாததில இருந்துதான் வந்திருக்கு."

"ஓம் அண்ணை. ஆனா ஒருக்காத்தான். அதுக்கும் கோடிக்கணக்கான வருசம் எடுத்தது."

கடைசியாகக் கழுத்தை உடைக்கவேண்டும். காற்றோடு தூசி நேரே விழுந்து ரசம் பழுதானால்தான் நிரூபணம் முழுமை. அவள் கல்லை எடுத்தாள். அண்ணை அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"உடைக்காதேங்கோ ரீச்சர். ஒண்டாவது பழுதாகாமல் கிடக்கட்டும்."

எதையும் பாதியில் விடாத மெற்றில்டா கல்லைக் கீழே போட்டாள். அவளை நான் மெச்சிய இடங்கள் நிறைய. அன்றைக்குப் போல ஒருநாளும் மெச்சியதில்லை.

அடுத்த இடப்பெயர்வில் பிரிந்தோம். குடுவையைக் கையில் பிடித்தபடி அவள் தன் கரைக்குப் போனாள். சண்டை முடிந்த பிறகு அவளைப் பற்றி நான் கேட்காத ஆளில்லை. கண்டவர் ஒருவரும் இல்லை.

கந்தையா அண்ணையை, அவர் சாவதற்கு முன், கனகராயன்குளத்தில் மகள் வீட்டில் பார்த்தேன். அவளைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது மட்டும் கையைப் பிடித்தார்.

"அது பழுதாகியிராது, என்ன ரீச்சர்?"

"பழுதாகியிராது அண்ணை" என்றேன்.