நான்காவது புள்ளி

பிள்ளைகளா, பூந்தமல்லியில் பழைய சாமான் சந்தையில் நிற்கிறேன். கையில் ஒரு மூலைமட்டம், செங்கோணம் சரிபார்க்கும் கருவி. அம்பத்தூர் கம்பெனியில் ஃபிட்டர்கள் நாங்கள் அவரவர் கருவியில் அடையாளத்துக்கு ‘பஞ்ச்’ என்னும் கூர் உளியால் புள்ளி குத்தி வைப்போம். எனக்கு மூன்று புள்ளி, தணிகாசலத்துக்கு நான்கு. என் மட்டம் காணாமல் போனபோது, எல்லோர் முன்னாலும் அவனைத்தான் திருடன் என்றேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை.

இதில் மூன்று புள்ளி தெளிவாக இருக்கிறது. நான்காவது, புள்ளியா துருக்குழியா? வெயிலில் சாய்த்துப் பார்க்கிறேன். விளங்கவில்லை.

“இன்னா அண்ணாத்தே, பொண்ணு பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குற?” என்கிறாள் கடைக்காரப் பெண்.

“இது எங்கேர்ந்தும்மா வந்துச்சு?”

“அம்பத்தூர்ல மூடுன கம்பெனி சரக்கு. சூப்பர்வைசர் மேசைய பூட்டோட எடுத்தாந்தோம், அதுக்குள்ள கெடந்துச்சு.”

என்னுடையது என்றால் எடுத்தது சூப்பர்வைசர்; தணிகாசலம் திருடவில்லை. அவனுடையது என்றால்? குழப்பத்தோடே வாங்கிக்கொள்கிறேன்.

என் மட்டம் ஒருமுறை கீழே விழுந்து கோணியிருந்தது. வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து, வாங்கியதை வைத்துப் பலகையில் ஒரு கோடு போடுகிறேன். மட்டத்தைப் புரட்டி, அதன் மேலேயே இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை; இதுவும் கோணல்தான். என்னுடையதேதான்.

நாளை தணிகாசலம் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த நான்காவது குழியில் பஞ்ச் உளியை வைத்து, நன்றாகத் தெரியும்படி தட்டுகிறேன். இப்போது நான்கு புள்ளி; இனி இது அவனுடையது.