சோடி மாலை

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். எழுத்துப் பிழை நிறைய வரும், மன்னித்து வாசியுங்கள். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருசம் எங்கள் மகள் காய்ச்சல் கண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். கலியாண வயது. பெண் கேட்டு யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. கலியாணம் ஆகாமல் போகிற பெண்ணை மணப்பெண் கோலத்தில் அனுப்புவது எங்கள் தோட்டத்து லய வீடுகளில் வழக்கம். சவப்பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள், விடியும்போது, என் பெண்சாதி என்னைக் கூப்பிட்டாள்.

"சாவு மாலை எம்புள்ள கழுத்துல விழக்கூடாதுங்க. பொண்ணு மாலையா வாங்கிட்டு வாங்க. நல்லதாப் பாத்து."

சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. முதல் பஸ்ஸில் எஹலியகொடை டவுனுக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மாலை கட்டுகிற சின்னக் கடை வைத்திருந்தார். எனக்கு முன்னால் ஒரு ஆள் இழவு வீட்டுக்கு மாலை கேட்டு நின்றார்.

"கலியாண மாலைக்கு நூல் எடுத்துட்டேங்க. இதே கையால இன்னைக்குச் சாவு மாலை கட்டமாட்டேன். பஸ் ஸ்டாண்டுல மலர்வளையம் இருக்கும், போய்ப் பாருங்க" என்று அந்த அம்மா அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்னங்கண்ணே?"

"பொண்ணு மாலை."

"மகளுக்கா?"

தலையை ஆட்டினேன். அதற்கு மேல் சொன்னால் என்னையும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடுவார்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சேலை என்ன கலர்?"

"சிவப்பு. அவ அம்மாவோட கூறைச்சேலை."

"அப்ப சிவப்பு ரோசு எடுபடாது. வெள்ளைப் பூவா நெருக்கி..."

"வெள்ளை வேணாம்மா."

"ஏங்க இப்படிப் பதறுறீங்க? சரி, மஞ்சள் செவ்வந்தி. தாலிக்கயிறு நிறம், மங்களம். ஓரத்துல கொஞ்சம் ரோசு, ஆசைக்கு. மல்லிகைய மொட்டா வைக்கிறேன். தாலி கட்டுற நேரம் பாத்து விரியும். எத்தனை மணிக்கு முகூர்த்தம்?"

"நாலு மணி."

"சாயங்காலமா?" ஒரு நிமிசம் பார்த்தார். "இப்பல்லாம் கலியாண ஹோல் கிடைக்கிற நேரந்தான் முகூர்த்தம். உருண்டையாக் கட்டவா, தட்டையாவா? உருண்டைதான் அழகு. ஆனா கனம். பொண்ணுக்குக் கழுத்து வலிக்கும்."

"வலிக்காது" என்றேன்.

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றீங்க. உங்க கழுத்தா வலிக்கப்போகுது?"

நானும் சிரித்து வைத்தேன்.

மாலை முடிந்தது. நல்ல மாலை. கை நீட்டினேன். அவர் தரவில்லை, அதே மாதிரி இன்னொன்றுக்கு நூல் எடுத்தார்.

"ஒன்னு போதும்மா."

"மாப்பிள்ளைய வீட்டுல கட்டிப் போட்டுட்டுப் பொண்ணுக்கு மட்டும் கலியாணமா? ஒத்தை மாலை கடைய விட்டுப் போகாதுங்க. பொண்ணுக்கு ஆகாது."

அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை மாலையும் கட்டி முடிந்தது.

பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு பையனை எழுப்பி எனக்கு ஜன்னலோரம் இடம் வாங்கித் தந்தார். மாலை நசுங்கக் கூடாதாம். "மகுல் கெதரகட்டத மாமா?" என்று கேட்டார். சிங்களத்தில் கலியாண வீட்டுக்கா என்று அர்த்தம். "ஒவ்", ஆமாம் என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சந்தோசமாகத் தலையாட்டினார்கள்.

வீட்டில் பெண்சாதி இரண்டு மாலைகளையும் பார்த்தாள். "ஏன் ரெண்டு?"

"சோடியாத்தான் குடுப்பாங்களாம்."

ஒன்றை மகள் கழுத்தில் போட்டாள். மற்றதை யாரும் தொடவில்லை. பெட்டியை மூடப் போகும்போது அவள் அந்த இரண்டாவது மாலையை எடுத்து மகளின் இரண்டு கை மேலும் வைத்தாள். மாப்பிள்ளைக்குப் போடுவதற்காகப் பெண் ஏந்திக்கொண்டு நிற்பாளே, அந்த மாதிரி. மொட்டுகள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. அப்படியே மூடினார்கள்.

பக்கத்து வீட்டில் அடுத்த வாரம் கலியாணம். நான் டவுனுக்குப் போகிற ஆள் என்று மாலை எடுத்துவரச் சொல்லி இன்று காலையில் கேட்டார்கள். முடியாது என்றேன். "மனுசன் ஒரு நல்லது கெட்டதுக்கு ஆக மாட்டான்" என்று என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்சாதியும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் தலையில் பூ வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது.

கண்ணை மூடினால் மகள் மாலையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். எதிரில் ஆள் இல்லை. போடவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. உருண்டையாகக் கட்டின மாலை. கழுத்து வலிக்காது என்று நான் சொல்லிவிட்டேன். கை வலிக்குமா என்று அந்த அம்மா கேட்கவில்லை.

2009 நவம்பர் 14, சனிக்கிழமை.